கடைப் பெயரைத் தேடினால் ஜப்பான் எழுத்து வருகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் புகுந்ததை எப்படி விரட்டுவது?

1 | ஜமக்காளத்தான் | திங்கள், இரவு 9:40

வணக்கமுங்க. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. பவானியில் எங்கள் அப்பா காலத்து ஜமக்காளக் கடை. 2021இல் கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது, தெரிந்த தம்பி ஒருவர் 12,000 ரூபாய்க்கு வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருளுங்க) ஒரு தளம் செய்து கொடுத்தார். 62 பொருள், படம், விலை, வாட்ஸப் பட்டன். அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. வருஷா வருஷம், சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டுவோம், அது பாட்டுக்கு ஓடும்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏனுங்க, கடையை வித்துட்டீங்களா? உங்க பேரைப் போட்டா ஏதோ சைனாக்காரன் கடை வருது" என்றார். கூகுளில் தேடிப் பார்த்தால் கடைப் பெயருக்குக் கீழே ஜப்பான் எழுத்தில் நாலைந்து வரி. தொட்டால் கைக்கடிகாரம் விற்கும் ஏதோ தளத்துக்குப் போகிறது. முகவரியை நேராக அடித்தால் எங்கள் தளம் ஒழுங்காகத்தான் வருகிறது. அதனால் முதலில் அந்தம்மா போனில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

ஹோஸ்டிங்காரர்களிடம் சொன்னதும் ஒரு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பைத் திரும்பப் போட்டார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. நேற்றிலிருந்து மறுபடி அதே கதை. இப்போது, சுத்தம் செய்ய 8,000 ரூபாய், இல்லையென்றால் கணக்கை நிறுத்திவைப்போம் என்று மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா? கட்டினால் திரும்ப வராதா?

2 | சர்வர்சாமி | திங்கள், இரவு 10:15

இன்று இரவே கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள்.

இது பழைய வித்தை. ஜப்பானியச் சொல் தாக்குதல் என்றே இதற்குப் பெயர். உங்கள் தளத்தை உடைப்பது அவன் நோக்கம் இல்லை. பல வருடமாக ஓடும் உங்கள் டொமைனுக்கு (தள முகவரிக்கு) கூகுளிடம் இருக்கும் நல்ல பெயர்தான் அவனுக்கு வேண்டும். அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான பொய்ப் பக்கங்களை உண்டாக்கி, போலிச் சரக்கு விற்கும் கடைகளுக்கு ஆள் அனுப்புவான். அதனால்தான் நேராக வருபவருக்கு உங்கள் கடை தெரிகிறது, கூகுள் ரோபோ வந்தால் ஜப்பான் பக்கம் தெரிகிறது, கூகுளில் தொட்டு வருபவர் கைக்கடிகாரக் கடைக்குப் போகிறார். முதலாளி கண்ணில் படாமல் இருக்கும் வரை அவனுக்கு வியாபாரம்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். இப்போது இருக்கும் நிலையில் கோப்புகள், டேட்டாபேஸ் (தளத்தின் தகவல் கிடங்கு), அக்சஸ் லாக் (எந்தக் கோப்பை எப்போது கேட்டார்கள் என்ற பதிவு) மூன்றையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். லாக் முக்கியம், பல ஹோஸ்டிங்கில் சில நாளுக்கு மேல் அது இருக்காது. அப்புறம் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்: பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு என்ன? எத்தனை பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்)? தீம் (தளத்தின் தோற்றத்தைத் தருவது) எது, எங்கே வாங்கியது? அட்மின் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது? கூகுள் தேடலில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைப் போட்டால் எத்தனை பக்கம் காட்டுகிறது?

3 | மீனா_வெப் | செவ்வாய், காலை 7:05

சாமி அண்ணா வழக்கம்போல நீளமான கேள்வித்தாள் கொடுத்துவிட்டார் :) என் வாடிக்கையாளர் தளங்களில் நான் செய்வது எளிது. ஒரு நல்ல பாதுகாப்பு பிளகின் போட்டு ஸ்கேன் ஓட்டுங்கள். சிவப்பாகக் காட்டுவதை எல்லாம் அழியுங்கள், ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள், பாஸ்வேர்டு மாற்றுங்கள். பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும்.

4 | ஜமக்காளத்தான் | செவ்வாய், காலை 11:30

இருவருக்கும் நன்றிங்க. கடையில் கூட்டம், இப்போதுதான் உட்கார முடிந்தது.

பிஎச்பி 7.4. பிளகின் 23, அதில் 17இல் அப்டேட் வேண்டும் என்று சிவப்பு வட்டம். பாஸ்வேர்டு அந்தத் தம்பி கொடுத்ததுதான், கடைப் பெயரோடு 123. (சிரிக்காதீர்கள்.) தீம் ஏதோ 'ப்ரோ'. வெளியே வாங்கினால் நாலாயிரத்துக்கு மேல், உங்களுக்குச் சும்மா போட்டுத் தருகிறேன் என்றார்.

அந்தத் தேடலைப் போட்டேன். 62 பொருள் உள்ள தளத்தில் 11,400 பக்கம் என்று காட்டுகிறது. கை நடுங்கிவிட்டது.

மீனா மேடம் சொன்னபடி ஸ்கேனும் ஓட்டினேன். 9 கோப்பு சிவப்பில் வந்தது, அழித்தேன். சாயங்காலம் பார்க்கிறேன்.

5 | சர்வர்சாமி | செவ்வாய், மதியம் 1:10

"சும்மா போட்டுத் தருகிறேன்." அங்கேதான் பூனை வெளியே வருகிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின் லைசென்ஸ் சோதனையைக் கழற்றிவிட்டு இலவசமாகக் கொடுக்கும் தளங்கள் உண்டு. 'நல்டு தீம்' என்பார்கள். எவனாவது மெனக்கெட்டு, சர்வர் செலவும் செய்து நமக்கு இலவசமாகத் தருவானா? உள்ளே ஒரு பொட்டலம் வைத்துத்தான் தருவான். 'டபிள்யூபி-விசிடி' என்று ஒரு மால்வேர் (தீய நிரல்) பல வருடமாக இந்த வழியில்தான் பரவியது. தீமோடு உள்ளே வரும், ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டிக்கொள்ளும், அதே ஹோஸ்டிங் கணக்கில் வேறு வேர்ட்பிரஸ் தளங்கள் இருந்தால் அவற்றுக்கும் தாவும். திருடன் பூட்டை உடைத்து வரவில்லை, நாமே கதவைத் திறந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

உங்கள் பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முந்தையது என்றாலும் தீம் 2021இல் போட்டது. பேக்கப்பிலும் அதே பொட்டலம்தான்.

மீனா, ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. வேர்ட்பிரஸின் அடிப்படை (கோர்) கோப்புகளையும், அதிகாரப்பூர்வ டைரக்டரியிலிருந்து வந்த பிளகின்களையும் அசலோடு ஒப்பிட்டு மாற்றத்தைப் பிடித்துவிடும். நல்டு தீமுக்கு ஒப்பிட அசல் எங்கே? தெரிந்த மால்வேரின் சாயல் இருந்தால் பிடிக்கும், இல்லையென்றால் பேசாமல் இருக்கும்.

6 | பழைய_பிஎச்பி | செவ்வாய், மாலை 4:25

தம்பியை மட்டும் போட்டுச் சாத்தாதீர்கள். 12,000 ரூபாயில் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நானும் 2010 வாக்கில் ஒரு தளத்துக்கு 5,000 வாங்கிச் செய்தவன். வாங்கியதும் சரி, செய்ததும் சரி, அதற்குப் பிறகு அந்தத் தளங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை.

காசு கொடுத்து முறையாக வாங்கியவனும் அடி வாங்கியிருக்கிறான். 2011இல் டிம்தம்ப் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட், படத்தைச் சுருக்கிக் காட்டும். அந்தக் காலத்துத் தீம்கள் பலவற்றில் உள்ளேயே வைத்து அனுப்பியிருப்பார்கள். வெளியிலிருந்து படம் எடுக்கச் சில தளங்களை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் அதில் உண்டு. ஆனால் அந்தப் பெயர் முகவரியில் எங்கே இருந்தாலும் போதும் என்று விட்டுவிட்டது. நம்பகமான தளத்தின் பெயரைத் தன் டொமைனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு எவன் வேண்டுமானாலும் பிஎச்பி கோப்பை உள்ளே தள்ளலாம்.

2014இல் ஸ்லைடர் ரெவல்யூஷன். அதுவும் தீமோடு சேர்ந்து வந்தது. பிளகினைத் தனியாக வாங்கியவருக்கு அப்டேட் கிடைத்தது, தீமோடு பெற்றவருக்குத் தீம்காரர் மனசு வைத்தால்தான். தன் தளத்தில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களை கூகுள் தடைப் பட்டியலில் போட்டது.

ஜமக்காளத்தான், தீமை மாற்றுவது நல்லதுதான். ஆனால் புதுத் தீமுக்குள் என்னென்ன பிளகின் ஒளிந்து வருகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

7 | ஜமக்காளத்தான் | செவ்வாய், இரவு 8:50

9 கோப்பு அழித்தேன் இல்லையா? அதில் 4 திரும்ப வந்துவிட்டது. அதே பெயர், அதே இடம்.

8 | யாழ்_நிரோ | செவ்வாய், இரவு 9:20

அண்ணை, ஒரு விஷயம் ஒருத்தரும் கேட்கவில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில எப்படித் தெரியுது எண்டு உரிமையாளருக்குக் காட்டுற இடம்) உங்கட தளம் சேர்த்திருக்கிறதோ? இருந்தால் 'செட்டிங்ஸ்'க்குள்ள பயனர்கள் பட்டியலைப் பாருங்கோ. எங்கட சங்கத் தளத்துக்கும் போன வருஷம் இதே வருத்தம் வந்தது. அவன் தன்னையும் உரிமையாளர் எண்டு அங்கே சேர்த்து வைச்சிருந்தான். தன்ர சைட்மேப்பையும் (பக்கங்களின்ர பட்டியல்) குடுத்திருந்தான், அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை கூகுள் கெதியாப் பொறுக்கிறதுக்கு.

9 | ஜமக்காளத்தான் | செவ்வாய், இரவு 10:40

சர்ச் கன்சோல் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாதுங்க. நீங்கள் சொன்ன பிறகு என் ஜிமெயிலில் கணக்குத் தொடங்கி உள்ளே போனேன். ஆமாம்! உரிமையாளர் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று வாயில் நுழையாத எழுத்துகளில் ஒரு ஜிமெயில். அதை நீக்கினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி நிற்கிறது.

10 | யாழ்_நிரோ | செவ்வாய், இரவு 10:55

ஓம், அப்படித்தான் நடக்கும். உரிமையாளர் எண்டு நிரூபிக்கத் தளத்தின்ர வேர்க் கோப்புறையில 'கூகுள்' எண்டு தொடங்குற ஒரு எச்டிஎம்எல் கோப்பை வைச்சிருப்பான். அது இருக்கும் வரைக்கும் நீங்கள் நீக்கினாலும் அவன் திரும்ப வரலாம். முதல்ல கோப்பை அழியுங்கோ, பிறகு ஆளை நீக்குங்கோ. கோப்பைக் காணவில்லை எண்டால் டாட் எச்டிஅக்சஸைப் (சர்வருக்கு விதி சொல்ற கோப்பு) பாருங்கோ, கேட்கிற நேரம் தானே உருவாக்கிக் குடுக்கிற மாதிரி அதுக்குள்ள எழுதி வைச்சிருப்பாங்கள்.

11 | சர்வர்சாமி | புதன், காலை 6:30

நிரோ நல்ல இடத்தைத் தொட்டார். இதை நான் மறந்தே போனேன்.

இப்போது அந்த 4 கோப்பு. அழித்தது திரும்ப வந்தால், அதைத் திரும்ப வைக்கும் கை வேறு எங்கோ இருக்கிறது. தேடும் வரிசை சொல்கிறேன்.

வேர்ட்பிரஸில் படங்கள் போகும் 'அப்லோட்ஸ்' கோப்புறையைத் திறங்கள். அங்கே பிஎச்பி கோப்புக்கு வேலையே இல்லை. இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் இன்டெக்ஸ் கோப்பையும் கான்ஃபிக் கோப்பையும் நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். எண்ணும் சாய்கோடுமாக ஒரு வரி இருக்கும், படிக்கவே முடியாது. அதைப் பிரித்துப் படித்தால் ஏதோ ஒரு கோப்புறையின் ஆழத்தில் இருக்கும் 'ஃபேவிகான்' என்று தொடங்கும் ஐகான் கோப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பெயர்தான் ஐகான், உள்ளே முழுக்கப் பிஎச்பி. படக் கோப்பு என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுவோம். 'எம்யூ-பிளகின்ஸ்' என்ற கோப்புறையையும் பாருங்கள். அங்கே போட்டது தானாக ஓடும், வழக்கமான பிளகின் பட்டியலில் தெரியாது.

தேதியை நம்பாதீர்கள். கோப்பு கடைசியாக மாறியது 2021 என்று காட்டினாலும் நேற்று வைத்ததாக இருக்கலாம், ஒரே கட்டளையில் தேதியைப் பின்னால் தள்ளிவிடலாம். சர்வர் தானாகக் குறித்துக்கொள்ளும் 'சிடைம்' என்று இன்னொரு நேரம் உண்டு. அதை ஏமாற்றுவது அவ்வளவு எளிதில்லை. உங்களால் அதைப் பார்க்க முடியாவிட்டால் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். 8,000 கேட்பவர் இதையாவது செய்யட்டும்.

சிபேனலில் (ஹோஸ்டிங் நிர்வாகத் திரை) கிரான் வேலைகளையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), டேட்டாபேஸில் பயனர் அட்டவணையையும் பாருங்கள். வேர்ட்பிரஸ் திரையில் தெரியாமல் மறைந்திருக்கும் அட்மின் அட்டவணையில் தெரிந்துவிடுவான். கடைசியாக, இந்த ஹோஸ்டிங் கணக்கில் வேறு தளம் எதுவும் இருக்கிறதா? நேற்றே நேராகக் கேட்டிருக்க வேண்டும்.

12 | மீனா_வெப் | புதன், காலை 8:00

சரி, ஸ்கேனர் விஷயத்தில் தோற்றேன். ஆனால் 17 அப்டேட்டையும் ஒரே மூச்சில் அழுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஒரு துணிக்கடைத் தளத்தில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அப்படித்தான் நான் அழுத்தினேன். தளம் வெள்ளையாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு பிளகினாகப் பெயர் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைக்காரர் அன்று பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து தானியங்கி அப்டேட் என்றாலே எனக்குப் பயம்.

வேர்ட்பிரஸே சறுக்கியிருக்கிறதே. 2018 பிப்ரவரியில் வந்த 4.9.3இல் இருந்த பிழை, தானாக அப்டேட் ஆகும் வசதியையே முடக்கியது. மறுநாள் வந்த 4.9.4ஐ அவரவர் கையால் போட வேண்டியிருந்தது.

13 | பழைய_பிஎச்பி | புதன், காலை 9:15

மீனா, பயம் நியாயம். ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள்.

2014 அக்டோபர் 15. வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு மென்பொருளான ட்ரூபல் 7இல் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை (வெளியாள் டேட்டாபேஸுக்குத் தன் கட்டளையைத் திணிக்கலாம்), சரிசெய்த பதிப்பும் அன்றே வந்தது. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பு விட்டது. முதல் அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத எந்தத் தளமும் கைமாறிவிட்டது என்றே எண்ணிக்கொள்ளுங்கள் என்று. 7 மணி நேரம்! அந்த 7 மணி நேரத்தில் இந்தியாவில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

2017இல் வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ (வெளி நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) ஓட்டை. ஜனவரி 26இல் 4.7.2 வந்தது, ஆனால் இந்த ஓட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தளங்கள் தானாக அப்டேட் ஆகட்டும் என்று காத்திருந்து பிப்ரவரி 1இல்தான் விவரம் சொன்னார்கள். தானியங்கியை அணைத்து வைத்திருந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்களை அடுத்த சில நாளில் ஆளாளுக்கு மாற்றி எழுதினார்கள்.

சரிசெய்த பதிப்பு வெளியே வந்ததும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஆக, அப்டேட் வந்த நாள்தான் நமக்கு ஆபத்து தொடங்கும் நாள். தளம் ஒரு மணி நேரம் வெள்ளையாவதா, ஒரு மாதம் ஜப்பானாவதா என்பதுதான் கேள்வி.

14 | மீனா_வெப் | புதன், காலை 9:50

ஒரு மணி நேரம் இல்லை சார், ஐந்து மணி நேரம். தீபாவளி சமயத்தில்.

கோருக்கும் சின்ன பிளகின்களுக்கும் தானியங்கி, பணம் கட்டும் பக்கத்தைத் தொடும் பிளகின்களுக்கு மட்டும் நகலில் சோதித்துவிட்டுக் கையால். இதற்கு ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் இறங்கமாட்டேன்.

15 | எளியவன் | புதன், மதியம் 12:40

எனக்கு ஒன்று புரியவில்லை. 62 பொருள், ஆர்டர் வாட்ஸப்பில். இதற்கு எதற்கு வேர்ட்பிரஸ், டேட்டாபேஸ், 23 பிளகின்? வெறும் எச்டிஎம்எல் பக்கமாகச் செய்து எங்காவது இலவசமாக வைத்தால் முடிந்தது. ஓடுவதற்குப் பிஎச்பியே இல்லாத இடத்தில் எவன் என்ன செய்வான்?

16 | சர்வர்சாமி | புதன், மதியம் 1:30

எளியவன் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. பவானிக் கடைக்கு அது போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். விலை மாற்ற யாரைக் கூப்பிடுவார் என்பது தனி விஷயம்.

மீதிக் கால்வாசி: எச்டிஎம்எல் பக்கமும் வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் இழுக்கிறது. பாலிஃபில் டாட் ஐஓ ஞாபகம் இருக்கிறதா? பழைய பிரவுசர்களில் புது வசதிகள் ஓடுவதற்காக ஊரெல்லாம் அதை ஒட்டி வைத்திருந்தார்கள். 2024இல் டொமைன் கைமாறியது. அந்த ஜூனில் பார்த்தால் அதே முகவரியிலிருந்து மால்வேர் வருகிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு. அந்தத் தளங்களில் யாரும் புகவே இல்லை. பால்காரர் மாறியது தெரியாமல் பால் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மீனா கோபப்பட மாட்டார் என்ற தைரியத்தில் இன்னொன்று. 2024 நவம்பரில், 40 லட்சம் தளங்களில் இருந்த ரியலி சிம்பிள் செக்யூரிட்டி பிளகினில் ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாமல் அட்மினாக நுழையலாம். யாருடைய தளத்தில்? அந்த பிளகினில் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்து வைத்திருந்தவர் தளத்தில்! கூடுதலாகப் பூட்டுப் போட்டவனுக்குத்தான் கதவு திறந்திருந்தது. இரட்டைச் சரிபார்ப்பே வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், கட்டாயம் வையுங்கள். பாதுகாப்பு பிளகினும் ஒரு பிளகின்தான், அதையும் அப்டேட் செய்யணும். அவ்வளவுதான்.

17 | மீனா_வெப் | புதன், மதியம் 1:45

கோபப்படவில்லை, குறித்துக்கொண்டேன் :)

18 | ஜமக்காளத்தான் | வியாழன், இரவு 11:20

கண்டுபிடித்துவிட்டேனுங்க. சாமி அண்ணா கடைசியாகக் கேட்டீர்களே, வேறு தளம் இருக்கிறதா என்று. இல்லை என்று எழுத வந்தவன், எதற்கும் பார்ப்போம் என்று சிபேனலில் கோப்புறைகளைத் திறந்தேன். எங்கள் அக்கா பெயரில் ஒரு கோப்புறை. 2022இல் அக்கா கல்யாணத்துக்கு அழைப்பிதழ் தளம் ஒன்று போடச் சொல்லி அதே தம்பியிடம் கேட்டிருந்தேன். எங்கள் ஹோஸ்டிங்கிலேயே ஓர் ஓரத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதே 'ப்ரோ' தீம். கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடமே போகிறது. தளம் மட்டும் யாரும் சீண்டாமல் கிடந்திருக்கிறது.

நீங்கள் எடுத்து வைக்கச் சொன்ன லாகைத் திறந்து அந்தக் கோப்புறைப் பெயரைத் தேடினேன். அதிகாலை 3:12க்கு, 3:13க்கு, 3:15க்கு. 'போஸ்ட்' (வெளியிலிருந்து தகவல் அனுப்பும் கோரிக்கை) என்று வரிசையாக, எல்லாம் ஒரே கோப்புக்கு. மாப்பிள்ளை பெண் படங்கள் இருக்கும் கோப்புறைக்குள் 'கேஷ்' என்ற பெயரில் ஒரு பிஎச்பி கோப்பு. சர்வரில் இருக்கும் புது லாகையும் பார்த்தேன், நான் கடைத் தளத்தில் அழித்த அன்று மாலையும் அதே வரிகள்.

அக்கா கல்யாணத்துக்கு வந்தவன் இன்னும் போகவில்லை.

19 | சர்வர்சாமி | வெள்ளி, காலை 6:10

அருமை! இதைத்தான் தேடினோம். ஒரே ஹோஸ்டிங் கணக்கு என்றால் பெரும்பாலும் ஒரே லினக்ஸ் பயனர்தான். கல்யாணத் தளத்தில் இருப்பவன் கடைத் தளத்தின் கோப்பில் எழுத யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை. கடையை எத்தனை முறை கழுவினாலும் பக்கத்து அறையிலிருந்து வந்துகொண்டேதான் இருப்பான்.

ஆனால் அவன் நுழைந்தது தீம் வழியாகத்தானா, கடைப் பெயர் 123 வழியாகவா என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் அடைத்துவிடுங்கள்.

இனி சுத்தம் செய்ய வேண்டாம், புதிதாகக் கட்டுங்கள். டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து, பொருள் விவரங்களை மட்டும் கண்ணால் பார்த்து எடுங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற அத்தனை கோப்பும் போகட்டும். வேர்ட்பிரஸ் வேண்டும் என்றால் அதன் அசல் தளத்திலிருந்து இறக்குங்கள், தீம் டைரக்டரியில் இருக்கும் சாதாரணத் தீம் போதும், பிளகின் நாலைந்துக்கு மேல் வேண்டாம். பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, இப்போது ஆதரவில் இருக்கும் பதிப்புக்கு மாறுங்கள். கான்ஃபிக் கோப்பில் 'சால்ட்' வரிகளை (லாகினைக் காக்கும் ரகசிய எழுத்துகள்) புதிதாகப் போட்டால், ஏற்கெனவே உள்ளே லாகின் ஆகி உட்கார்ந்திருப்பவன் எவனாக இருந்தாலும் வெளியே விழுவான். அட்மின் திரையிலிருந்தே தீம் கோப்பைத் திருத்தும் வசதியை அணையுங்கள். அப்லோட்ஸில் பிஎச்பி ஓடாதபடி ஹோஸ்டிங்காரரைச் செய்யச் சொல்லுங்கள்.

பேக்கப் வாராவாரம் சர்வருக்கு வெளியே போகட்டும். அதே சர்வரில் இருக்கும் பேக்கப், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி.

20 | சட்டம்_தெரிஞ்சவன் | வெள்ளி, காலை 10:00

குறுக்கிடுகிறேன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்: செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி, இதுபோன்ற ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். தளத்துக்குள் புகுந்து தீய நிரலோ வெளி இணைப்போ சேர்ப்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

21 | பழைய_பிஎச்பி | வெள்ளி, காலை 10:30

ஜமக்காளக் கடைக்காரர் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமாம். அவருக்கே கோயம்புத்தூர் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

22 | சட்டம்_தெரிஞ்சவன் | வெள்ளி, காலை 10:40

தெரிந்ததிலிருந்துதான் 6 மணி நேரம். கேலி செய்தாலும் உத்தரவு உத்தரவுதான். தாமதமானாலும் ஒரு மெயில் போட்டுவிடுவது நல்லது, நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

23 | ஜமக்காளத்தான் | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 9:30

மெயில் போட்டாயிற்று, பதில் எண்ணும் வந்தது. தளத்தை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதிதாகக் கட்டினோம். நான் பாதி, மீனா மேடம் போனில் பாதி. (பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு ஜமக்காளம் அனுப்பியிருக்கிறேன்.) 23 பிளகின் 4 ஆனது. எளியவன் சொன்னதும் மனசில் இருக்கிறது, அடுத்த வருடம் யோசிக்கிறேன். 8,000 கட்டவில்லை. ஹோஸ்டிங்காரர்கள் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டு மிரட்டல் மெயிலை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

தளம் செய்த தம்பியிடமும் பேசினேன். இப்போது பெங்களூரில் பெரிய வேலை. "அண்ணா, அப்போ எல்லாரும் அப்படித்தான் போட்டோம்" என்றார். திட்ட மனசு வரவில்லை. அவர் பெயரில் இருந்த பழைய எஃப்டிபி கணக்கை (சர்வருக்குக் கோப்பு ஏற்றும் வழி) மட்டும் அவரிடம் சொல்லிவிட்டே அழித்தேன். அதே மாதிரி இன்னும் எத்தனை கடைக்குப் போட்டார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பட்டியல் எடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த 11,400 பக்கம் இன்னும் கூகுளில் நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது?

24 | யாழ்_நிரோ | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10:05

அவசரப்படாதேங்கோ அண்ணை. அந்தப் பக்கங்கள் இப்ப 404 (பக்கம் இல்லை) எண்டு பதில் குடுக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ, 410 (நிரந்தரமா எடுத்தாச்சு) எண்டால் இன்னும் நல்லது. கூகுள் ஒவ்வொண்டா வந்து பார்த்துத் தானே கழிச்சுவிடும். அவன் குடுத்த சைட்மேப்பை எடுத்துவிட்டு உங்கட சொந்தச் சைட்மேப்பைக் குடுங்கோ. சர்ச் கன்சோலில நீக்கச் சொல்லிக் கேட்கிற வசதி ஒண்டு இருக்கு, ஆனால் அது ஆறு மாசத்துக்கு மறைக்கிறது மட்டும்தான். எங்களுக்கு முழுக்கப் போக மூண்டு மாசம் எடுத்தது.

25 | ஜமக்காளத்தான் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:15

இன்று போட்டுப் பார்த்தேன், 6,900 என்று காட்டுகிறது. கடைப் பெயருக்குக் கீழே தமிழும் இங்கிலீஷும்தான் வருகிறது. கோயம்புத்தூர் அம்மா நேற்று இரண்டு ஜமக்காளம் ஆர்டர் போட்டார்.

கல்யாணத் தளத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். அக்காவுக்கு அது தெரிந்து, "நலங்கு போட்டோ எல்லாம் அதுல மட்டும்தான்டா இருந்துச்சு" என்று இரண்டு நாளாகப் பேசவில்லை. நல்லவேளை, முதல் நாள் நகல் எடுக்கச் சொன்னீர்கள். இப்போது உட்கார்ந்து 340 படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.